உள்ளே ஆள், வாசலில் டு-லெட்

பென்டிரைவில் ஒரு கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். ஃபாட்32 என்ற கோப்பு முறையில் நடப்பது வேறு. பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, அட்டவணையில் ‘இடம் காலி’ என்று குறித்துக்கொள்ளும். சரக்கு அங்கேயே கிடக்கும், வேறொன்று வந்து மேலே உட்காரும்வரை. குடித்தனக்காரர் உள்ளே குறட்டை விட, வாசலில் டு-லெட் பலகை!

இடம் தருவதிலோ ஃபாட்32 வள்ளல். 32 ஜிபி டிரைவில், ஒற்றை எழுத்துக் குறிப்புக்கும் வழக்கமாக 16 கேபி கொண்ட முழு அறை; மிச்ச இடத்தில் இன்னொருவர் ஒண்டக் கூடாது. ஆனால் 4 ஜிபியைத் தொட்ட கல்யாண வீடியோ வந்தால், மண்டபமே காலியாக இருந்தாலும் ‘இடமில்லை’தான்.

பழைய பென்டிரைவைத் தானம் செய்யப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், உள்ளே நீங்கள் இன்னும் குடியிருக்கிறீர்கள்.