வாத்தியார் கோபப்படாத வகுப்பு

கேள்வி: ஏஐ எல்லாம் சொல்லித் தரும்போது, ஐம்பது வயதில் முதியோர் கல்வி வகுப்புக்கு ஏன் போக வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒரே சந்தேகத்தை நாற்பது தடவை கேட்டாலும் ஏஐ முகம் சுளிக்காது, பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க மருமகளும் இல்லை. வயதானபின் படிக்கிறவர்களுக்குப் பாதித் தடையே கூச்சம்தான். அந்த வகையில் லாபம். ஆனால் தெரியாததையும் தெரிந்த தோரணையில் சொல்லும். வீட்டுப்பாடத்தையும் எழுதிக் கொடுத்துவிடும். அப்புறம் பாஸானது யார் என்று குழப்பம் வரும். வகுப்பு தருவது வேறு. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அந்தத் தைரியம் தோழிகள் தந்தது. ஏஐயிடம் பாடம் கேளுங்கள், வகுப்புக்கும் போங்கள். அரட்டைக்கு ஆள் வேண்டாமா?