பத்து நாள் லீவு கெடச்ச பேராண்டிக்கு

பத்து நாள் சஸ்பெண்டாமே ராசா, சந்தோசம்! எங்க காலத்துல தீவாளிக்கே இம்புட்டு லீவு கெடையாது. லஸ் முக்குல 29சி பஸ்ஸு கண்ணாடியில கல்ல விட்டதுக்கு, காலேஜே ஒன்னயச் சோபாவுல சாச்சு வச்சிருக்கு. அபராதத்த ஒங்கப்பன் ஜிபேல தட்டிட்டான். ஒடச்சது நீ, கட்டுனது அவன், டிரைவரு மடியில விழுந்த சில்ல ஒண்ணொண்ணாப் பொறுக்குனது கண்டக்டரு. நல்ல பங்கீடு!

நம்ம பக்கம் அருப்புக்கோட்டையில, காலேஜுப் பயலுக எட்டுப் பேரு தண்ணியப் போட்டுட்டு வகுப்புக்குப் போயிட்டானுக. மூணாம் வருசம் சேத்துக்க மாட்டோம்னுட்டாக. மதுரை ஹைகோர்ட்டுல ஜட்ஜய்யா என்ன சொன்னாரு? 2019 ஆகஸ்ட் 15 அன்னைக்கி விருதுநகர்ல காமராசர் வீட்டக் கூட்டித் தொடை, சாயங்காலம் குடிக்காதீகன்னு ஊருக்குச் சொல்லு, பெறகு படிக்கப் போன்னாரு. என்னயக் கேட்டா, வகுப்புல நின்ன வாத்தியாரையும் எதுக்க உக்கார வச்சிருப்பேன்.

ஒங்க தி.நகர்லயும் திருமலைப் பிள்ளை ரோட்டுல காமராசரு இருந்த வீடு இருக்கு. பயப்படாத, வெளக்கமாத்தத் தூக்கிட்டு வரமாட்டேன்.

நியூசிலாந்துல 1989லயே சட்டம் போட்டு, தப்புப் பண்ண சின்னப் பய, அவன் வீட்டாளுக, அடிபட்டவுக எல்லாரையும் ஒரே கூடத்துல உக்கார வைக்கிறான். நம்ம ஆலமரத்தடி மாதிரியேன்னு மீசைய முறுக்காத. நம்ம மரத்தடியில ஊருக்கு ஒரு தீர்ப்பு, காலனிக்கு ஒரு தீர்ப்பு. நான் பாத்தவன்.

2024 சூலையில நம்ம நாட்டுல வந்த புதுத் தண்டனைச் சட்டத்துலயும் சின்னக் குத்தத்துக்குச் சமூக சேவைய ஒரு தண்டனையா எழுதிட்டாக. அதே வருசம் புனேயில காரேத்தி ரெண்டு உசுரு போனதுக்கு, ஏத்துன பயல ஜாமீன்ல விட்டு 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னாகளே, ஊரே காறித் துப்புச்சே, அத இதோட சேக்காத. செத்தவுக வீட்டு வாசல மிதிக்காம எழுதுற கட்டுரை என்ன கட்டுரை?

ஆனா ஒனக்கு இந்த எதுக்க உக்கார்ற வம்பெல்லாம் வேண்டாம்ப்பா. பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அந்த டிரைவருக்கு முன்னால போயி நிக்கணும். “கண்ணுல பட்டிருந்தா எம்புள்ளைகளுக்கு யாருடா தம்பி?”ம்பாரு. பதில் சொல்லணும். ஒரு மாசம் டிப்போவுல பஸ்ஸு கழுவுறேன்னு ஒன் வாயாலயே ஒத்துக்கிடணும். கழுவும்போது கண்டக்டரு மேற்பார்வை வேற பாப்பாரு. கூட்டாளிப் பயலுக செல்லுல படம் புடிப்பானுக.

சஸ்பென்சன்தான்யா சொகம். கதவச் சாத்திப் படு. ஏசிய நல்லாக் கூட்டி வையி, கரண்டு பில்லுக்கும் ஒங்கப்பன் இருக்கான்.