கணக்குக் காட்டாதவர்

பழைய கணினி முறைக்காக ஆண்டுதோறும் லாயிட்ஸ் வங்கிக்கு அளந்த திரவியத்தை மிச்சம்பிடிக்கக் கருதிய பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, 2018 ஏப்ரலில், ஒரே வாரக்கடைசியில் கணக்குகளையெல்லாம் புதிய முறைக்குக் குடிபெயர்க்கப் போய், லட்சக்கணக்கான வாடிக்கையாளர் தம் பணத்தைத் தாமே தரிசிக்க இயலாதபடி செய்து, 2022-இல் சுமார் 4.86 கோடி பவுண்டு அபராதம் செலுத்தியது. சிக்கனம் என்றால் இதுவன்றோ சிக்கனம்!

எங்கள் உத்திரமேரூர்ச் சபையாரோ, சோழன் முதற் பராந்தகன் காலத்தில், 919-இல் கல்லில் வெட்டிய தேர்தல் விதிகளை 921-இல் திருத்தியபோது, பழையதை அழிக்காமலே புதியதையும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர். வருஷ சந்தா கிடையாது. முன்பு வாரியத்தில் இருந்தும் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய பந்துக்கள் பெயரையும் ஓலையிலெழுதிக் குலுக்குங் குடத்தில் இடலாகாதென்பது அவ்விதிகளுள் ஒன்று. கணினி மாற்றக் கமிட்டிகளுக்கும் அதையே அனுஷ்டித்தால், குலுக்குவதற்கு ஓலை மிஞ்சுமா என்பது சந்தேகந்தான்.