பானை வழிகிறது, திருத்தவும்

பெரகல சந்தியில் டிக்கட் என்றால் ஒன்றுதான். கொழும்பு பஸ் வந்து நிற்கும், கொண்டக்டர் கிழித்துத் தருவார், மிச்சக் காசுக்கு நாம் அப்புத்தளை வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போவோம். அதனால்தான் வீட்டிலிருந்தே செய்யும் விளம்பர வேலை கிடைத்து, "தினமும் காலையில் உங்கள் டிக்கட்டைப் பாருங்கள்" என்று முதல் மின்னஞ்சல் வந்தபோது, பஸ் செலவும் கம்பனியே தருகிறது என்று அம்மாவிடம் பெருமையடித்துவிட்டேன்.

அது வேறு டிக்கட். எங்கள் கம்பனி ஹோட்டல் அறை, தேயிலைப் பக்கெட், பண்டிகைப் பரிசுப் பொதி எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிறது. மென்பொருள் எழுத முப்பது பேர், விளம்பரத்துக்கு மூன்று பேர். முப்பது பேர் தங்கள் வேலையைக் குறித்துவைக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். அதில் குறித்த ஒவ்வொரு வேலைக்கும் பெயர் டிக்கட். மூன்று பேருக்கென்று தனியாக எதற்கு என்று எங்களையும் அதற்குள்ளே தள்ளிவிட்டார்கள்.

இந்த வகை மென்பொருட்களில் பேர்போன மூத்த அண்ணன் ஜிரா. சிட்னியில் இருக்கும் அட்லாசியன் கம்பனி 2002இல் வெளியிட்டது. அதற்கு முன் அவர்கள் பிழைகளைக் குறிக்கப் பாவித்தது பக்சில்லா. அந்தப் பெயரில் காட்சில்லா வாடை அடிக்கவே, அந்தப் பூதத்தின் ஜப்பானியப் பெயரான கொஜிராவைப் பிடித்து, தலையை வெட்டி, ஜிரா என்று வைத்தார்களாம். எங்களிடம் இருப்பது ஜிரா அல்ல, ஒன்றுவிட்ட தம்பி. பெயர் வேண்டாம், பிழைப்பு முக்கியம்.

முதல் வேலை தைப்பொங்கல் விலைக்கழிவு. பெரிய வேலைக்கு அங்கே "எபிக்" என்று பெயர், அதாவது காப்பியம். சிலப்பதிகாரம், மணிமேகலை வரிசையில் "பொங்கல் 15 வீதக் கழிவு" என்று ஒரு காப்பியத்தைத் தொடங்கினேன். உள்ளே 28 டிக்கட். ஒவ்வொன்றிலும் நிரப்பியே ஆகவேண்டிய கட்டங்கள். "பிழையை மீண்டும் உண்டாக்கும் வழி?" என்று கேட்டது. போஸ்டருக்கு என்ன எழுதுவது? "ஒன்று, தை பிறக்க வேண்டும். இரண்டு, பானை வைக்க வேண்டும்" என்று எழுதினேன். "எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது?" என்று அடுத்த கட்டம். பொங்கல் 1.0.

அதோடு விடவில்லை. எந்த டிக்கட்டும் இன்னொருவர் சரிபார்க்காமல் முடிந்ததாகாது. கோட் எழுதுகிறவர்களுக்கு அது நல்ல சட்டம். எங்களுக்கும் அதே சட்டம் என்பதால், பொங்கல் போஸ்டர் கொழும்பில் ஒரு மென்பொருள் தம்பியிடம் போனது. மறுநாள் திருப்பி அனுப்பியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: "பானை வழிகிறது. திருத்தவும்."

பொங்கல் எப்படியோ பொங்கி முடிந்தது. சித்திரைப் புத்தாண்டு வந்தது. அதே போஸ்டர் வேலை, அதே விலைப்பட்டியல், அதே குறுஞ்செய்தி. மறுபடி 28 டிக்கட் எழுதுவானேன்? "குளோன்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். நொடியில் 28 பிள்ளைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஜனவரித் திகதி. பிறக்கும்போதே மூன்று மாத நிலுவையோடு, சிவப்புச் சிவப்பாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் மனேஜர் சேருக்குத் தனித்தனியாகக் கோள் மூட்டியது. இரவு பத்து மணிக்கு அழைத்தார். "தம்பி, ஏப்ரல் புத்தாண்ட ஜனவரியிலயே முடிச்சிருக்கணுமாமே?"

திகதிகளைத் திருத்தினேன். வாசகங்களையும் திருத்தினேன், 27 டிக்கட்டில். இருபத்தெட்டாவதுதான் குறுஞ்செய்தி. ஏப்ரல் 14 காலையில் எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் "இனிய தைப்பொங்கல் வாழ்த்துக்கள்" போய்ச் சேர்ந்தது. ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: "உங்களுக்கும் தீபாவளி வாழ்த்துக்கள்."

இனிக் கையால் எதையும் தொடுவதில்லை, மெஷினிடமே விடுவோம் என்று முடிவெடுத்தேன். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை. அறைகள் நிரம்புவதும் அப்போதுதான். மாதாமாதம் 15ஆம் திகதி போயா விளம்பர டிக்கட் தானாகத் திறக்கும்படி செய்தேன். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு சந்திரன் எடுப்பது ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்பதை மறந்துவிட்டேன். மாதத்துக்கு மாதம் போயா முன்னே நகர்ந்துகொண்டே போனது. சில வருடம் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று போயா வேறு. மூன்றாவது மாதம் போயா முடிந்த மறுநாள் "போயாவுக்கு வாருங்கள்" என்று அழைத்தோம். பொங்கலும் சித்திரையும் சூரியனை நம்பியவை, ஒரு நாள் முன்பின்னாக அடங்கி நடக்கும். சந்திரன் எங்கள் கம்பனியில் சேரவே இல்லை.

அன்று மாலை மூடுபனி ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நெட்டும் போய்விட்டது. அம்மா பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ரவுண்டு எத்தன நாளு?"

"என்ன ரவுண்டும்மா?"

"ஒரு மலையில கொழுந்து எடுத்தா திரும்ப ஏழெட்டு நாளுல அதே மலைக்கு வரணும். அந்த மலை முடிஞ்சுதுன்னு யாராச்சும் எழுதி வப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மென்பொருள் பிழைகளுக்காகப் பிறந்தது. பிழை ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான், திரும்ப வந்தால் அவமானம். எங்கள் வேலையோ திரும்ப வந்தால்தான் சம்பளம். பொங்கல் திரும்பி வருவதைப் பிழை என்று யாராவது சொல்வார்களா?

அம்மா விடவில்லை. "போன மாசத்துக் கட்டத்த எல்லாம் பாத்து இந்த மாசத்துச் செக்ரோல்ல அப்புடியே எழுதுனா கணக்கப்புள்ள வேல போயிரும். ஆளுக பேர மட்டும் எழுதிட்டு, கட்டத்த வெறுசா வுடணும். காலையில பெரட்டுக்கு வந்தவங்களுக்குத்தான் பேரு."

செக்ரோல் என்பது தோட்டத்து வரவுப் பதிவேடு, பெரட்டு என்பது காலை ஆளெடுப்பு. அவர் செய்யக்கூடாது என்று சொன்னதைத்தான் நான் பொத்தானை அமுக்கிச் செய்திருந்தேன். நிறைந்த செக்ரோலைக் குளோன் எடுத்திருந்தேன்.

விளம்பரத்துக்கும் இந்த மலைக்கும் இருக்கும் உறவு நேற்று வந்ததல்ல. சந்தியிலிருந்து மேலே ஏறி அப்புத்தளையைத் தாண்டினால் தம்பேதென்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. இலங்கைக்கு வருமுன்பே அவர் கிளாஸ்கோவில் விளம்பரத்துக்குப் பேர் போனவர். 1881 கிறிஸ்மஸுக்கு ராட்சத பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, உள்ளே தங்க நாணயங்களைப் பதுக்கி, வெட்டி விற்றார். கூட்டம் கடையை உடைக்காத குறை. பிறகு வந்த கிறிஸ்மஸுகளிலும் அதே கூத்துத்தான், கட்டி மட்டும் புதிது. போன வருடத்துக் கட்டியை அவர் குளோன் எடுக்கவில்லை.

மறுநாளே "பெரட்டு" என்று ஒரு வெறும் மாதிரியைச் செய்துவைத்தேன். அதில் திகதியே இல்லை, தூரம் மட்டும்தான்: பண்டிகைக்கு 21 நாள் முன் வாசகம், 14 நாள் முன் போஸ்டர், 7 நாள் முன் விலைப்பட்டியல், முதல் நாள் குறுஞ்செய்தி. வாழ்த்து வரும் இடம் வெற்றிடம். அதை நிரப்பாமல் டிக்கட்டை மூட முடியாது. பண்டிகை நாள் ஒன்றை மட்டும் நான் போட்டால் மற்றவை தாமாகப் பின்னோக்கி எண்ணி நிற்கும். போயா நாட்களைச் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து வருடத் தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். பிழைக் கட்டங்களை எங்களுக்கு மட்டும் எடுத்துவிடும்படி மென்பொருள் தம்பியிடம் கேட்டேன். பத்து நிமிட வேலை என்றார். ஏன் இத்தனை நாள் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க டிக்கட் போடலயே அண்ணே" என்றார்.

உங்கள் வேலையும் கொழுந்து மாதிரித் திரும்பத் திரும்பத் துளிர்ப்பதானால் ஒன்று சொல்கிறேன். முடித்த வேலையைப் பிரதி எடுக்காதீர்கள், தொடங்காத வேலையை எடுங்கள். எந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது என்று குழப்பம் வந்தால், தோட்டத்தில் பேர் போட்ட யாரிடமாவது கேளுங்கள். பிளேன்டீயும் கிடைக்கும்.