ராணியைக் கொடுத்தவர்

கேள்வி: செஸ்ஸில் ராணியை வேண்டுமென்றே வெட்டக் கொடுக்கலாம் என்கிறான் என் பேரன். இது புத்திசாலித்தனமா, தோற்றதற்குச் சாக்கா?

பதில்: அடுத்த நகர்த்தலில் மேட் வந்தால் புத்திசாலித்தனம். வராவிட்டால் சாக்குதான், பேரனிடம் விசாரியுங்கள்!

1858-ல் பாரிஸில் பால் மார்ஃபி என்ற 21 வயது அமெரிக்கர் செய்தது முதல் வகை. ஆடிய இடம் ஓபரா அரங்கத்தின் தனி மாடம். எதிரே பிரன்ஸ்விக் பிரபுவும் இசுவார் கோமானும், கூடிக் கூடிப் பேசி ஒரே அணியாக ஆடினார்கள். மார்ஃபிக்குப் பாட்டு கேட்கத்தான் ஆசையாம். சீக்கிரம் முடிக்க நினைத்தாரோ என்னவோ, முதலில் குதிரையைக் கொடுத்தார், பிறகு ஒரு யானையைக் கொடுத்தார். 16-ஆவது நகர்த்தலில் ராணியையே கொண்டுபோய் எதிரி ராஜாவுக்குச் செக் வைத்தார். குதிரையால் அதை வெட்டுவதைத் தவிர பிரபுக்களுக்கு வேறு வழியே இல்லை. வெட்டினார்கள். குதிரை விலகிய வழியில் மார்ஃபியின் யானை இறங்கியது, பிஷப் பின்னால் காவல் நின்றது. 17-ஆவது நகர்த்தலில் மேட்.

ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டால் மார்ஃபியிடம் மிச்சமிருந்தது அந்த யானையும் பிஷப்பும் மட்டும். இரண்டுமே வேலையில் இருந்தன. பிரபுக்களிடம் ராணி, யானை, பிஷப், குதிரை எல்லாம் பத்திரமாக இருந்தன. அதிலும் அந்த யானையும் பிஷப்பும் ஆட்டம் முழுக்க இடத்தை விட்டு அசையவே இல்லை. ஓபராவுக்குக் காசு கொடுத்து வந்தவை போலிருக்கிறது!