எடையதிகாரம்: முதல்வாரவியல்

டயட் தொடங்கியோர் முதல் ஏழு நாளில் இழக்கும் எடையின் தொகையும் வகையும் கூறுதல் இந்நூல் நுதலிய பொருள். எல்லை: கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி. இந்நான்கு எல்லைக்குள்ளும் டயட் திங்கட்கிழமைதான் தொடங்கும் என்பது மரபு. செவ்வாயில் தொடங்கினாரை யாம் கண்டிலம். கேட்போர் யாரெனின், ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடியலில் கைவீசி நடப்போரும், அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து நடுராத்திரியில் சாப்பிடுவோரும், குமணன்சாவடிப் பக்கம் ஜிம்முக்கு வருஷக் கட்டணம் கட்டிவிட்டு ஒரு மாதம் போவோரும் என்க. பயன், மூன்றாம் வாரத்தில் அழாதிருத்தல்.

இதற்கு முதல்நூல் செய்தவர் இத்தாலியில் பதுவா நகரத்து மருத்துவர் சன்டோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-இல் நூலாக்கினார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது எடையில் குறைவு. மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியும் மூச்சு வழியும் போகிறது என்றார். நம்மவர் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, காலை மாலை இருவேளையும் ஏறி இறங்குவதற்கே வீட்டில் யாரும் நிம்மதியாகக் காபி குடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டு அந்த வீட்டார் என்ன பட்டிருப்பார்களோ!

நிற்க. முதல் வாரத்தின் இயல்பு எல்லாரும் அறிந்ததே. ஞாயிறு இரவு கடைசி பிரியாணி. திங்கள் காலை தராசு 84.6 என்கிறது. அடுத்த திங்கள் 81.6.

"சார், ஒரே வாரம், மூணு கிலோ!"

"அப்படி என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி சோத்த நிறுத்திட்டு ரெண்டு சப்பாத்தி. அவ்ளோதான்."

கேட்டவர் வீட்டில் அன்றிரவே கோதுமை மாவு பிசையப்படும்.

இங்கே கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும் என்பது பழைய வாய்பாடு. 1958-இல் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் பவுண்டுக்கு 3500 என்று போட்ட கணக்கின் கிலோ வடிவம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3500. அரைக் கிலோகூடத் தேறாது. மூன்று கிலோவும் கொழுப்பே எனில், நம் சார் நாளுக்கு 3300 கலோரி குறைத்திருக்க வேண்டும். அவர் மொத்தமாகச் சாப்பிடுவதே அவ்வளவு இராது. ஆகவே போனது வேறு ஏதோ. அது யாதெனின்,

இழந்த எடையென்று இயம்புவ தெல்லாம்
நீரே உப்பே குடலே தராசே
தசையே கொழுப்பே வாய்ச்சொல் என்றாங்கு
ஏழென மொழிப எடையறி புலவர்.

என்பது நூற்பா. இதன் பொருளை எஸ்டேட்டில் நின்றால் எளிதில் அறியலாம். லாரி எடைமேடையில் ஏறி இறங்கினால் கிடைக்கும் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்: கிராஸ், டேர், நெட். வெறும் வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். வீட்டுத் தராசு கிராஸ் மட்டும் காட்டும். சரக்கு இறங்கியதா, டேங்கில் டீசல் தீர்ந்ததா, கிளீனர் பையன் டீ குடிக்க இறங்கிப் போனானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் டீசலும் கிளீனரும்.

ஏழினுள் தலையாயது நீர்க்கிலோ. சோறு, இட்லி, பரோட்டா எதுவானாலும் கடைசியில் சர்க்கரையாகிறது. உடனே செலவாகாத பங்கைக் கிளைகோஜன் என்ற பெயரில் உடம்பு சேமிக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். அது தனியே இருக்காது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கைவைப்பது இந்த இருப்பில்தான். அரைக் கிலோ கிளைகோஜனும் தீர்ந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சிறுநீராகவும் வியர்வையாகவும் கிளம்பிவிடும். ஆக இரண்டு கிலோ, கொழுப்பில் ஒரு சொட்டும் தொடாமல். 1970-இல் சுவீடனில் உல்சன், சால்டின் என்ற இருவர் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். முதலில் தசையின் கிளைகோஜனைத் தீர்த்தார்கள். பின் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு போட்டார்கள். சில நாளில் எடை 2.4 கிலோ ஏறியது. அதில் 2.2 லிட்டர் தண்ணீர்.

சப்பாத்தியின் புகழ் இங்கேதான் நிற்கிறது. சப்பாத்தியும் மாவுச்சத்தே. குறைந்தது சோற்றின் இடத்தில் கோதுமை வந்ததால் அன்று. மூன்று கரண்டிச் சோறு, குழம்பு, ரசம், மோர், மறுசோறு என்ற வரிசை போய் இரண்டோடு கை கழுவியதால். மாவுச்சத்தையே கைவிடும் பேலியோக்காரருக்கு முதல் வாரம் இன்னும் மடமடவென்று இறங்குவதும் கிளைகோஜன் கூடுதலாகத் தீர்வதாலேயே. பனீருக்கு அதில் பெரிய பங்கில்லை.

அடுத்தது உப்புக்கிலோ. மாவுச்சத்து குறைந்தால் இரத்தத்தில் இன்சுலின் தணியும். இன்சுலின் தணிந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்காமல் வெளியே விடும். உப்புப் போகும் வழியே நீரும் போகும். போதாததற்கு டயட் என்றதும் அப்பளம், ஊறுகாய், கருவாடு, டீக்கடை பஜ்ஜி எல்லாம் ஒரே நாளில் நாடு கடத்தப்படுகின்றன. அளவு அறிய வேண்டுவோர் ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்க்க. அரை லிட்டர் பாட்டிலில் உப்பு 4.5 கிராம், அதாவது லிட்டருக்கு 9. உடம்பு 9 கிராம் உப்பைக் கைவிட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டரை, அதாவது ஒரு கிலோவைக் கைவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுக்கச் சொல்கிறது. ஆவக்காயோடு தயிர்சாதம் சாப்பிடும் குலத்தவர்க்கு முதல் வாரத்தில் இந்த வகை ஏன் ஓங்கி நிற்கிறது என்பது விளங்கும். பெண்களுக்கு மாதவிலக்கையொட்டி நீர் கூடுவதும் வடிவதும் தனியே நடப்பதால், டயட் அந்த நாட்களில் தொடங்கியதா முடிந்ததா என்பதைப் பொறுத்து இக்கிலோ பெருகியும் சுருங்கியும் வரும்.

குடற்கிலோ என்பது குடலில் பயணத்தில் இருப்பது. குறைவாக உண்டால் குறைவாக இருக்கும். இதனை இடக்கரடக்கலாற் கூறினாம். விரித்தல் அவையில் தகாது.

தராசுக்கிலோ உடம்பில் இல்லாதது. தராசிலும் நிற்கும் விதத்திலும் தோன்றுவது. முள் தராசை மிதியடி மேல் வைத்தால் ஒரு எண், டைல்ஸ் மேல் வைத்தால் ஒரு எண். முதல் திங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஜீன்ஸ், பெல்ட், பையில் செல்போனோடு ஏறியவர், அடுத்த திங்கள் விடியற்காலை வெறும் வயிற்றில் துண்டோடு ஏறுவார். சுவரில் ஒரு விரல் ஊன்றி நிற்கும் கலையும் உண்டு. முன்பு ரயில்வே பிளாட்பாரங்களில் விளக்கு மினுக்கிச் சக்கரம் சுழலும் எடை மிஷின் நின்றது. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடையை நம்பாதவரும் ஜோசியத்தை நம்பினர். இன்றைய டிஜிட்டல் தராசு ஜோசியம் அச்சிடுவதில்லை என்பதால், "இதே கணக்குல போனா தீபாவளிக்குள்ள அறுபது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

தசைக்கிலோ வருந்தத்தக்கது. கஞ்சியும் வெள்ளரிக்காயும் மட்டும் என்று பட்டினி கிடப்போருக்குக் கொழுப்போடு தசையும் கரையும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை விடாமல், கொஞ்சம் பளுவும் தூக்கினால் இது குறையும். இதற்குமேல் இவ்வகையில் சொல்ல ஒன்றுமில்லை.

கொழுப்புக்கிலோ ஒன்றே எல்லாரும் விரும்பித் தேடுவது. முதல் வாரத்தில் மிகச் சிறியதும் அதுவே. அது போகும் வழி பலருக்கும் வியப்பாயிருக்கும். 2014-இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டனர்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்க்க வியர்க்க பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றுவோர் இழப்பது நீர்க்கிலோவே. வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று சொன்ன சன்டோரியோ, எது போகிறது என்று அறியாவிட்டாலும் வழியைச் சரியாகவே சொன்னார்.

கடைசியது வாய்க்கிலோ, சொல்லும்போது கூடுவது. தராசில் 2.7, ஏரிக்கரையில் 3, கல்யாண வீட்டுப் பந்தியில் "கிட்டத்தட்ட அஞ்சு". இதை வைத்தே பிழைக்கும் தொழிலும் ஒன்று உண்டு. தெருமுனை மாடியில் காலையில் ஷேக் கலக்கிக் கொடுக்கும் இடங்களும், கரண்டுக் கம்பத்தில் "7 நாளில் 5 கிலோ" என்று போன் நம்பரோடு ஒட்டும் நோட்டீஸ்களும் விற்பது இந்த முதல் வாரத்தைத்தான். எந்தத் தூளைக் கலக்கிக் கொடுத்தாலும், சாப்பாடு குறைந்தால் முதல் வாரம் தண்ணீர் இறங்கும். அதற்குக் காசு வாங்குவது சூரியன் உதித்ததற்குக் காசு வாங்குவது மாதிரியான வியாபாரம் என்பது எம் கருத்து.

இனிப் புணரியல். போன எடை மீண்டும் வந்து சேருமிடத்து நிகழும் விகாரம் இதில் அடங்கும். இரண்டாம் ஞாயிறு மச்சினன் வீட்டு விசேஷம். ஒரு பிளேட் பிரியாணி, பாயசம், ஊறுகாய். திங்கள் காலை தராசில் ஒன்றரைக் கிலோ தோன்றல். "பண்ணினதெல்லாம் வீணாப் போச்சு" என்று டயட்டையே கைவிடுவோர் இந்தத் திங்களில்தான் அதிகம். ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஒரு விசேஷத்தில் ஏற வேண்டுமானால் வழக்கத்துக்கு மேல் 11,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். மச்சினன் எவ்வளவு வற்புறுத்தினாலும் அது நடவாது. வந்தது கிளைகோஜன், உப்பு, அவற்றைச் சுற்றிய நீர். மூன்றாம் வாரத்தில் தராசு நகராமல் நிற்பதும் இத்தகையதே: தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனிமேல் இறங்குவது கொழுப்பு, அது வாரத்துக்கு அரைக் கிலோ வேகத்தில்தான் இறங்கும். டயட் வேலை செய்யத் தொடங்கும் வாரத்தில் அது வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறோம்.

அங்ஙனமாயின் முதல் வாரம் முழுப் பொய்யோ எனின், அன்று. 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்தது; ஈரலில் படிந்திருந்த கொழுப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. நம் சென்னையிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட மூன்றாண்டு ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடையில் பெரிய மாற்றமே இல்லை. ஆகவே முதல் வாரத்தில் தராசு பெரிதாகக் காட்டுவது தண்ணீர். அது காட்டாமல் விடுவதுதான் பெரிய காரியம்.

அதனாலேயே இந்நூலில் விளையாட்டில்லாத புறனடை ஒன்று. சாப்பாடு குறைந்த முதல் சில நாளிலேயே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். பழைய சாப்பாட்டுக்கு எழுதிய மாத்திரை அதே அளவில் தொடர்ந்தால் மயக்கம் வரலாம், சர்க்கரை அளவுக்கு மீறி விழலாம். இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ, பிரஷர் மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திங்கட்கிழமை தொடங்குவதற்கு முன், சனிக்கிழமையே உங்கள் டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.