ஒரே ஆள், இரண்டு நாற்காலி

ஸ்டான்ஃபோர்டை ஒரு பல்கலைக்கழகமாகத்தான் தெரியும். மனிதராக அவர் யார்?

லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், விஸ்கான்சினில் வக்கீல். 1852-ல் சட்டப் புத்தகங்கள் தீக்கிரையாக, கலிபோர்னியாவுக்குப் போய் தங்கம் தோண்ட வந்தவர்களுக்குச் சரக்கு விற்றார். தோண்டியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்ப, கடைக்காரர் கரையேறினார்.

ரயில்வே முதலாளி அரசியலுக்கு வந்தாரா, அரசியல்வாதி ரயில்வேக்குப் போனாரா?

இரண்டும் 1861-ல்! சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவரானார். அதே வருடம் கலிபோர்னியா கவர்னர் தேர்தலிலும் ஜெயித்தார். 1863 ஜனவரி 8-ல் சாக்ரமென்டோவில் ரயில் பாதைக்கு முதல் மண்ணை அள்ளிப் போட்டவர் கவர்னர். வேலை கம்பெனியுடையது, கம்பெனியும் அவருடையது. அதற்கு உதவும் மாநிலச் சட்டங்களில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. எனக்கு நெருடுவது இந்த இடம்தான். பதவியை விட்டுவிட்டுப் பாதை போட்டிருக்கலாம், அல்லது கம்பெனியை விட்டுவிட்டு ஆண்டிருக்கலாம்.

மலையையே நகர்த்திய கம்பெனி என்கிறார்களே?

பாதை போட மத்திய அரசு கடன் பத்திரம் தந்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000. அப்படியானால் மலை எங்கே தொடங்குகிறது? சாக்ரமென்டோவிலிருந்து ஏழு மைலிலேயே, ஆர்கேட் ஓடைக்கரையில் தொடங்குவதாக மாநில நிலவியலாளர் சொல்ல, ஜனாதிபதி லிங்கனும் ஏற்றார். நின்று பார்த்தால் அங்கே தட்டையான பூமி!

தங்க ஆணி அடிக்கும்போது குறி தவறினாராமே?

1869 மே 10, யூட்டாவின் ப்ராமன்டரி. கிழக்கிலிருந்து வந்த பாதையோடு இந்தப் பாதை இணைந்ததற்கு அடையாளமாக அடித்த ஆணி அது. ஓங்கிய சுத்தியல் ஆணியில் படவில்லை என்றுதான் சொல்கிறார்கள். ‘முடிந்தது’ என்ற தந்தி மட்டும் நாடெங்கும் பறந்துவிட்டது. நான் அன்றைய புகைப்படத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். தொப்பிகள், கைகுலுக்கல், பாட்டில்கள் எல்லாம் உண்டு. சீன முகத்தைத்தான் தேடவேண்டும். கம்பெனியின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். சியேரா மலையின் கருங்கல்லைக் குடைந்தவர்கள் அவர்கள்.

அவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்ட் என்ன நினைத்தார்?

1862-ல் பதவியேற்ற உரையில் தாழ்ந்த இனம் என்றார். 1865-ல், கம்பெனித் தலைவராக ஜனாதிபதிக்கு எழுதும்போது, அமைதியானவர்கள், உழைப்பாளிகள் என்று புகழ்ந்தார். 1867 ஜூனில் அவர்கள் வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி சாப்பாட்டுச் சரக்கை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது, கேட்ட கூலி கிடைக்கவில்லை.

செனட்டராகவும் ஜெயித்தாரே, மக்கள் செல்வாக்கா?

அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். மக்கள் ஓட்டுக்கே இடமில்லை. 1885 முதல் 1893-ல் இறக்கும்வரை செனட்டர்.

ஒரே மகன் நினைவாகக் கல்லூரி கட்டியவரை இவ்வளவு குறை சொல்லலாமா?

15 வயதுப் பிள்ளையை 1884-ல் ஃபிளாரன்சில் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்த தகப்பனின் துக்கத்தை நான் சந்தேகிக்கவே மாட்டேன். 1891-ல் திறந்த பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கும் இடம் தந்தார்கள், அன்று கல்விக் கட்டணமும் வாங்கவில்லை. அதை மனதாரப் பாராட்டுவேன். மலையைக் குடைந்தவர்களின் கூலிக் கணக்கு வேறு; அதைக் கல்லூரிக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

அவருக்குப் பிறகு பல்கலைக்கழகம் எப்படிப் பிழைத்தது?

மனைவி ஜேனால். ரயில்வேக் கடனுக்காக மத்திய அரசு 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, சொத்து முடங்கியது. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் அனுமதித்த மாதப் பணத்திலிருந்து பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் அந்த அம்மாள். 1896-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.